விரல் வைத்த பிறகும் எடை குறைவது ஏன்?

"ஆளே நேர்ல போயி, விரல் வச்சு, மெஷின்ல பில் போட்டு வாங்குறோம். இதுக்கு மேல ரேஷன்ல எங்க சார் திருட்டு?" என்று டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு டீயில் பதில் சொல்லி முடிக்க முடியாது. 'ரேஷன் திருட்டு' என்று ஒரே பெயரில் நாம் சொல்லிக்கொண்டிருப்பதற்குள் நான்கு தனித்தனித் திருட்டுகள் இருக்கின்றன. பேரில் திருட்டு, எடையில் திருட்டு, வழியில் திருட்டு, இப்போது புதிதாகப் போனில் திருட்டு. ஒவ்வொன்றையும் செய்கிற ஆள் வேறு. தடுக்கிற முறையும் வேறு. விரல் ரேகை தடுப்பது முதல் திருட்டை மட்டும்தான்.

எதைக் காப்பாற்றப் பேசுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் இருக்கின்றன. கடைகள் 34,000-க்கும் மேல். அவற்றைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. ஒரு பகுதியை நுகர்பொருள் வாணிபக் கழகமே நடத்துகிறது. வட மாநிலங்கள் பலவற்றில் இருப்பதுபோல் கடையைத் தனியார் முதலாளிக்கு உரிமம் கொடுத்து விட்டுவிடும் வழக்கம் இங்கே இல்லை. 2011 ஜூன் முதல் இங்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய்.

இன்னொரு விஷயம். பல மாநிலங்களில் ஏழை என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்குத்தான் அரிசி. இங்கே, வேண்டும் என்று கேட்கிற குடும்பத்துக்கெல்லாம் அரிசி அட்டை உண்டு. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு 2016 நவம்பரில்தான் ஏற்றது. ஏற்ற பிறகும் யாரையும் கழித்துக் கட்டவில்லை. அட்டையில் பி.எச்.எச். என்று இருந்தால் முன்னுரிமைக் குடும்பம், ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி, என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம், அவர்களுக்கான அரிசிச் செலவை மாநில அரசு தானே ஏற்றுக்கொள்கிறது.

வாங்குகிற நமக்கு இந்த அரிசி இலவசம். அரசுக்கு அப்படியில்லை. நெல் வாங்கி, அரைத்து, மூட்டை பிடித்து, கிடங்கில் வைத்து, லாரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவர இந்திய உணவுக் கழகத்தின் கணக்கில் கிலோவுக்கு ஏறத்தாழ 40 ரூபாய் ஆகிறது. ஜன்னலுக்கு உள்ளே விலையே இல்லாத ஒரு பொருள், ஜன்னலைத் தாண்டியதும் நல்ல விலைக்குப் போகிறது. பருப்பும் அப்படித்தான்: உள்ளே 30, வெளியே 100-க்கும் மேல். இந்த இடைவெளி இருக்கும்வரை அதில் கைவைக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அதற்காக இலவசத்தை நிறுத்தச் சொல்வது, மாடு மேய்கிறது என்று வயலைத் தரிசாகப் போடச் சொல்வது போலத்தான்.

பேரில் திருட்டு

பழைய புத்தக அட்டை ஞாபகம் இருக்கிறதா? 2005-ல் கொடுத்த அட்டைக்கு 2009 வரைதான் ஆயுள். அதன்பிறகு ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஒட்டியே 2016 வரை இழுத்தார்கள். வாங்கிய பொருளை விற்பனையாளர் பேனாவால் குறித்துத் தருவார். கடையில் ஒரு பதிவேடு, நம் கையில் ஒரு புத்தகம். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

மாதக் கடைசியில், வந்து வாங்காத அட்டைகளுக்கும் பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று ஏறிவிடும். இறந்துபோனவர் பேரில் அரிசி போகும். ஊரைவிட்டுப் போன குடும்பம் அங்கேயும் ஒரு அட்டை, இங்கேயும் ஒரு அட்டை வைத்திருக்கும். போலி அட்டை என்று அந்தக் காலத்தில் செய்தித்தாளில் வந்ததெல்லாம் இந்த வகைதான்.

2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. ஆதாரும் செல்போன் எண்ணும் அட்டையோடு இணைந்தன. கடைக்கு விற்பனை முனையக் கருவி வந்தது, நாம் மெஷின் என்கிறோமே, அதுதான். ஒரே ஆள் இரண்டு அட்டையில் இருந்தால் கணினி காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சமிருந்தது. அட்டை இல்லாமலும் பில் போட முடிந்தது. கடைப்பக்கமே போகாதவர்களின் போனுக்கு 'அரிசி வாங்கினீர்கள், சர்க்கரை வாங்கினீர்கள்' என்று எஸ்.எம்.எஸ். வந்தது. பலருக்குத் தங்கள் பங்கு களவு போவதே அந்த எஸ்.எம்.எஸ். பார்த்துத்தான் தெரிந்தது.

2020 அக்டோபரில் கைரேகை வந்தபோது அந்த ஓட்டையும் பெருமளவு அடைபட்டது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டமும் அப்போதே இங்கு நடைமுறைக்கு வந்தது. குடும்பத்தில் யாராவது ஒருவர் விரல் வைக்காமல் பில் வராது. பேரில் நடக்கும் திருட்டுக்கு இது நல்ல தடை. இதைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

எடையில் திருட்டு

பெரியவரின் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. வந்திருப்பது யார் என்பதற்கு விரல் ரேகை சாட்சி. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. நீங்கள்தான் வந்தீர்கள் என்று மெஷினுக்குத் தெரியும். உங்கள் பைக்குள் 20 கிலோ விழுந்ததா, பத்தொன்பதரை விழுந்ததா என்று, தராசோடு இணைக்காதவரை, அதற்கு எப்படித் தெரியும்?

கடையில் நடப்பதை ஒரு தடவை நின்று கவனியுங்கள். பல கடைகளில் பில் ஒரு ஜன்னல், பொருள் இன்னொரு ஜன்னல். முதல் ஜன்னலில் அட்டையை ஸ்கேன் செய்து, விரல் வைத்து, பணம் கொடுத்து முடித்ததும் நம் கவனம் பையிலிருந்து சில்லறைக்குப் போய்விடும். இரண்டாவது ஜன்னலில் எடையாளர் அரிசியை அள்ளித் தராசில் கொட்டுவார். எண் தெரிகிற பக்கம் உள்ளே திரும்பியிருக்கும். வாளியோ தட்டோ தராசில் இருக்கும்போது எண் பூஜ்யத்துக்கு வந்ததா என்று நமக்குத் தெரியாது. எண் ஓடி நிற்பதற்குள் அரிசி பைக்கு வந்துவிடும். பின்னால் இருப்பவர் "நகருங்கம்மா" என்பார். நாமும் நகர்ந்துவிடுவோம்.

ஒரு கடைக்கு 800 அட்டை என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்குக் கால் கிலோ குறைந்தால் 200 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை நான்கு. வீட்டுக்குப் போய் யாரும் கால் கிலோவை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கால் கிலோவுக்காகச் சண்டைக்குப் போக மாட்டார்கள். எடைத் திருட்டின் மூலதனமே இந்தப் பெருந்தன்மைதான்.

இன்னொரு வகை இதைவிடச் சத்தமில்லாதது. "பருப்பு இன்னும் வரலைங்க, ரேகையை மட்டும் வச்சிட்டுப் போங்க, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கங்க." பில்லில் பருப்பும் ஏறிவிடும். அடுத்த வாரம் போனால் கடை பூட்டியிருக்கும். அதற்கடுத்த வாரம் புது மாதம் பிறந்துவிடும். கணக்கில் நீங்கள் பருப்பு வாங்கியாயிற்று, உங்கள் விரல் ரேகையே அதற்குச் சாட்சி. முன்பு பேனாவால் எழுதிய பொய்யை மறுக்க முடிந்தது. இப்போது பொய்க்குக் கீழே நம் விரலே பதிந்திருக்கிறது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதை இல்லை. பொருளாதார அறிஞர்கள் ழான் த்ரேஸ், ரீத்திகா கேரா போன்றவர்கள், ஆள்மாறாட்டம் வேறு, அளவு மோசடி வேறு, ரேகைக் கருவி முதலாவதைப் பிடிக்கும், இரண்டாவதைப் பிடிக்காது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஜார்கண்டில் 2016, 2017-ஆம் ஆண்டுகளில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் மூவரும் செய்த பெரிய ஆய்வும் இதைத்தான் காட்டியது. ரேகைச் சோதனையால் மட்டும் கசிவு குறையவில்லை. பிறகு அரசு இன்னொரு காரியம் செய்தது. மெஷின் கணக்குப்படி கடையில் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டுமோ, அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அடுத்த மாதம் அனுப்பினார்கள். கசிவு குறைந்தது. கூடவே மக்களுக்குக் கிடைத்த அளவும் குறைந்தது. கழித்ததில் ஒரு பகுதியைக் கடைக்காரர்கள் அட்டைதாரர் தலையில் இறக்கிவிட்டார்கள்.

கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக வருகிறது, ஓட்டைச் சாக்கில் வழியிலேயே கொட்டுகிறது, எடைபோட்டு இறக்கித் தருவதில்லை என்று ரேஷன் ஊழியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகின்றன. ஆய்வுக்கு வரும் அதிகாரி இருப்பில் குறை கண்டால் விற்பனையாளருக்கு அபராதம் போடுகிறார். அவர் அதைத் தன் சம்பளத்திலிருந்து கட்டுவாரா, நம் பையிலிருந்து எடுப்பாரா? இரண்டுக்கும் நடுவில் நேர்மையாகத் திண்டாடுகிற விற்பனையாளர்களும் நிறையப் பேர் உண்டு.

2025-ல் தமிழ்நாட்டுக் கடைகளில் மின்னணுத் தராசை மெஷினோடு புளூடூத் மூலம் இணைத்தார்கள். தராசு காட்டும் எடை நேராக மெஷினுக்குப் போகும். எடை சரியாக இருந்தால்தான் பில் வரும். அளவு மோசடிக்கு எதிரான சரியான தடை இதுதான். ஒவ்வொரு பொருளாக எடைபோட வேண்டியிருப்பதால் வரிசை நீள்கிறது என்று ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களின் இன்னொரு கோரிக்கை கவனிக்க வேண்டியது: கடையில் இவ்வளவு கறார் என்றால், கிடங்கில் எங்களுக்குத் தருவதையும் இதே கறாரோடு எடைபோட்டுத் தாருங்கள். மேலே எடை குறைந்து வந்தால் கீழே எந்தத் தராசு வைத்தும் பயனில்லை.

உரியவரையே வெளியே நிறுத்தும் பூட்டு

பெரியவர் தன் விரலைத் திருப்பிக் காட்டினார். "எனக்கு ஒரு மாசம் விழும், ஒரு மாசம் விழாது சார்." மண் வெட்டியவர்கள், பாத்திரம் துலக்கியவர்கள், கட்டட வேலை பார்த்தவர்கள், வயதானவர்கள், இவர்களுக்குத்தான் ரேகை தேய்ந்துபோகிறது. ரேஷன் அதிகம் தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான். திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்தினால் அதுவும் ஒரு இழப்புதான். என்ன, அந்த இழப்பு எந்தத் திருட்டுக் கணக்கிலும் வராது.

2017 செப்டம்பரில் ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினிச் சாவு என்றது குடும்பம். நோய் என்றது அரசுத் தரப்பு. நாடு முழுக்க அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அடுத்த மாதமே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: ஆதார் இல்லை, இணைக்கவில்லை, ரேகை விழவில்லை என்ற காரணத்துக்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக் கூடாது.

இங்கேயும் அதுதான் விதி. ஒருவருக்கு ரேகை விழவில்லை என்றால் அட்டையில் உள்ள வேறொருவர் வைக்கலாம். பல கடைகளில் கண் கருவிழியைப் படிக்கும் கருவி வந்திருக்கிறது. நடமாட முடியாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் தங்களுக்குப் பதில் இன்னார் வாங்குவார் என்று எழுதிக் கொடுத்து அங்கீகாரச் சான்று பெறலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பொருள் வீட்டு வாசலுக்கே வந்தது. வாசலுக்கு வந்தாலும் எடையும் பில்லும் அதேதான். வீட்டுக்கு வந்து தருகிறார்களே என்ற கூச்சத்தில் எடையைப் பார்க்காமல் விட வேண்டாம்.

வழியில் திருட்டு

டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தொடங்கும் பயணம், அரவை ஆலை, கிடங்கு, ஒப்பந்த லாரி, கடை என்று நான்கைந்து கைகள் மாறித்தான் நம்மிடம் வருகிறது. எல்லாக் கைமாற்றத்திலும் சிந்தும். சிந்துவது சில இடத்தில் தற்செயல், சில இடத்தில் ஏற்பாடு.

திருடியவர் யாரும் கணக்குக் கொடுக்கப் போவதில்லை. அப்படியிருக்க, எவ்வளவு போகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கழித்தல் கணக்குதான். அரசு கிடங்கிலிருந்து எவ்வளவு தானியம் வெளியே போனது என்பது ஒரு எண். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், ரேஷனில் எவ்வளவு வாங்கினோம் என்று வீடுகள் சொல்வது இன்னொரு எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசிவு. த்ரேஸும் கேராவும் போட்ட கணக்கில் அகில இந்திய அளவில் 2004-05-ல் 54 சதவீதமாக இருந்த கசிவு 2011-12-ல் 41.7 சதவீதத்துக்கு இறங்கியது. தமிழ்நாட்டில் அது தேசிய சராசரியைவிட வெகுவாகக் குறைவு. எல்லாருக்கும் அட்டை, கூட்டுறவுக் கடை, எது நடந்தாலும் கேள்வி கேட்கிற மக்கள், இந்த மூன்றும் சேர்ந்த பலன் அது. பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்தால் பாதிப் பேர்தான் கேட்பார்கள். தெருவே வரிசையில் நின்றால் தெருவே கேட்கும்.

மிச்சமிருக்கும் கசிவு பெரும்பாலும் எல்லை தாண்டிப் போகிறது. வாளையாறு வழியாகவும் களியக்காவிளை வழியாகவும் கேரளம், வடக்கே ஆந்திரம், வடமேற்கே கர்நாடகம். லாரியில் போவது ஒரு வகை. பயணிகள் ரயிலில் இருக்கைக்கு அடியில் சிறு சிறு மூட்டையாகப் போவது இன்னொரு வகை. போன இடத்தில் பாலிஷ் போட்டுப் புதுச் சாக்கில் வேறு பெயர் ஒட்டி விற்பனைக்கு வரும். அல்லது மாவாகும். அல்லது கோழித் தீவனமாகும். அரசு கிலோவுக்கு 40 ரூபாய் செலவு செய்த அரிசியைக் கோழி தின்கிறது.

இதற்கென்றே காவல்துறையில் குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்குப் போடலாம். திரும்பத் திரும்பக் கடத்துகிறவர்களை 1980-ஆம் ஆண்டு கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம். சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிடிபட்ட செய்திகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். லாரி ஓட்டுநர், மூட்டை தூக்கியவர், ரயிலில் பை வைத்திருந்த பெண் என்று பெயர்கள் வரும். அரிசியை வாங்கிப் பாலிஷ் போட்ட ஆலை முதலாளி பெயர் அபூர்வமாகத்தான் வரும். மூட்டை தூக்கியவரைப் பிடித்தால் நாளைக்கு இன்னொருவர் தூக்குவார். வாங்குகிறவரைப் பிடித்தால்தான் மூட்டை நிற்கும்.

கடத்தல்காரருக்கு அரிசி இரண்டு இடத்திலிருந்து கிடைக்கிறது. ஒன்று, கடையில் எடையில் மிச்சம் பிடித்தது. இரண்டு, நாம் விற்பது. "எங்க வீட்டுல யாரும் சாப்பிடுறதில்ல, வர்ற வண்டிக்காரன்கிட்ட போட்டுடுவோம்" என்று சாதாரணமாகச் சொல்கிற குடும்பங்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. ரேஷன் அரிசியை விற்பது குற்றம். வாங்குவதும் குற்றம். அரிசி வேண்டாம் என்றால் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எந்தப் பொருளும் வேண்டாத அட்டையும் உண்டு. மருந்து வாங்கக் காசில்லாமல் பத்துக் கிலோ அரிசியைக் கொடுக்கிற பாட்டியையும், நூறு வீட்டில் சேர்த்து லாரி ஏற்றுகிறவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வீட்டு வாசலில் அந்த வண்டி நிற்கிறவரை எல்லையில் எத்தனை சோதனைச் சாவடி வைத்தும் போதாது.

போனில் திருட்டு

இது புது வரவு. "உங்க ரேஷன் கார்டு ரத்தாகப் போகுது, உடனே கே.ஒய்.சி. பண்ணணும், இந்த லிங்க்கை அழுத்துங்க, வர்ற ஓ.டி.பி.யைச் சொல்லுங்க." இப்படி அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். திருடன் குறி வைப்பது உங்கள் அரிசியை அல்ல, அதே போன் எண்ணோடு இணைந்திருக்கும் உங்கள் வங்கிக் கணக்கை.

முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் உள்ள எல்லாரும் கே.ஒய்.சி. செய்ய வேண்டும் என்பது உண்மை. அதை ரேஷன் கடையிலேயே விரல் வைத்துச் செய்கிறார்கள், காசு கிடையாது. வெளியூரில் இருப்பவர் அங்கேயே அருகிலுள்ள கடையில் செய்துகொள்ளலாம். எந்த அதிகாரியும் போனில் ஓ.டி.பி. கேட்க மாட்டார். வாட்ஸ்ஆப்பில் வரும் செயலிக் கோப்பை நிறுவச் சொல்லவும் மாட்டார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

விவரம் தெரிந்த இளைஞர்கள் சிலர் வீட்டுப் பெரியவர்களின் ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பூட்டியதை மறந்துவிட்டால் ரேஷன் கடையில் ரேகை வேலை செய்யாது. பாவம், அந்த அம்மா மெஷினையும் தன் விரலையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டு வருவார். கடைக்குப் போகுமுன் ஆதார் செயலியில் தற்காலிகமாகத் திறந்துவிட்டு அனுப்புங்கள்.

நம் கையில் இருப்பது

"அப்ப நாங்க என்னதான் பண்றது?" என்று கேட்டார் பெரியவர். செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் எல்லாம் நம்மால் முடிந்தது.

முதலாவது, போன் எண். அட்டை வாங்கியபோது கொடுத்த எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? பலர் எண்ணை மாற்றிவிட்டார்கள், அட்டையில் மாற்றவில்லை. சிலர் அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் உங்கள் அரிசிக்கான செய்தி யார் போனுக்கோ போய்க்கொண்டிருக்கிறது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். சென்னையில் என்றால் மண்டல உதவி ஆணையர் அலுவலகம்.

இரண்டாவது, இருக்கிற பொருளுக்கு மட்டும் பில். பருப்பு இல்லையென்றால் பருப்பை நீக்கிப் பில் போடச் சொல்லுங்கள். விரல் வைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். வைத்த பிறகு சொல்வது வழக்காகிவிடும்.

மூன்றாவது, தராசு. எண் தெரிகிற பக்கத்தை இப்படித் திருப்புங்கள் என்று கேட்பதில் தப்பில்லை. வாளி வைத்ததும் பூஜ்யம் வந்ததா என்று பாருங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம். "அண்ணே, ஒரு நிமிஷம், எடை பாத்துக்கறேன்" என்றால் போதும். வரிசையில் நாலு பேர் இப்படிக் கேட்க ஆரம்பித்தால் ஐந்தாவது ஆளுக்கு அவர்களே திருப்பி வைப்பார்கள்.

நான்காவது, புகார். உணவுத் துறையின் கட்டணமில்லா எண்கள் 1967, 1800 425 5901. கடத்தல் பற்றிய தகவலுக்கு 1800 599 5950. மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. அட்டையில் பெயர் நீக்கல், சேர்த்தல், எண் மாற்றம் எல்லாவற்றையும் அங்கேயே கொடுக்கலாம். அங்கும் தீராவிட்டால் சட்டப்படி மாவட்டக் குறைதீர் அலுவலர் இருக்கிறார், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம் இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, கிராம சபை. ரேஷன் கடைக்குச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவே சொல்கிறது. கடைக்கு இந்த மாதம் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை பில் போட்டீர்கள் என்று ஊர் கூடிக் கேட்கலாம்.

புகார் கொடுத்தால் அடுத்த மாதம் முகம் சுளிப்பார்களே என்ற தயக்கம் எல்லாருக்கும் உண்டு. அதனால் தனியாகக் கொடுக்காதீர்கள். ஒரே தெருவில் ஐந்தாறு அட்டை எண்களோடு ஒரே மனுவாகக் கொடுங்கள்.

மெஷின், ரேகை, கருவிழி, புளூடூத் தராசு என்று அரசு ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறது. ஒவ்வொன்றும் ஒரு திருட்டை அடைக்கிறது. அடைபடாத இடத்துக்குத் திருட்டு நகர்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எடையைப் பார்க்கிற, பில்லைப் படிக்கிற அட்டைதாரர்தான் வேண்டும். அடுத்த முறை கடையிலிருந்து வந்ததும் பையை இறக்கிவைத்துவிட்டு, எஸ்.எம்.எஸ்.ஸில் இருக்கிற பொருளெல்லாம் பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபாருங்கள். இல்லாத பொருளுக்குப் பில் இருந்தால் அன்றைக்கே 1967-க்குப் பேசுங்கள்.